மல்லாட்டை கட்டிய மாளிகை

பெரிய மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையோடு எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தோம். ‘நம் வீட்டின் கதை’ என்று பெயர். எழுதியவள் நான்தான். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் என் அம்மா பிறந்த வீடு, 1774இல், பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வியாபாரத் தரகருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை குடும்பத்துக்கு வேண்டப்பட்டவர்களால் கட்டப்பட்டது என்று அதில் தைரியமாக அச்சடித்திருந்தேன். முந்நூறு பிரதி. ஒன்றுகூட மிச்சமில்லை. இன்றுவரை அதுதான் என் வருத்தம்.

தப்பு என்று தெரிந்தது அதே மேடையில். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “இவர் பொறந்தது விஜய வருஷம். அறுபது வருஷம் ஒரு சுத்து வந்து, இப்போ திரும்பவும் அதே விஜய வருஷம். அதுக்குத்தான் இந்தக் கல்யாணம்.” பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்ற எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஏனென்றால், அந்த வீட்டு வாசல் நிலையின் மேல்கட்டையில், உட்பக்கமாகச் செதுக்கியிருக்கும் எழுத்து இதுதான்: ‘விஜய வருஷம் தை மாசம் ௰௨ந் தேதி’. அதை வைத்துத்தான் நான் 1774 என்று எழுதினேன்.

தமிழ் வருஷப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும் என்பது யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். ஆனால் நிலையைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. விஜய வருஷத் தை மாதம் என்றால் 1714 ஜனவரியாக இருக்கலாம். 1774, 1834, 1894, 1954 என்று எதுவாகவும் இருக்கலாம். 1954 இல்லை என்பது நிச்சயம், மாமா அந்த வீட்டில்தான் 1953இல் பிறந்தார். மிச்சம் நான்கு. அதில் நான் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்ததை.

ஏன் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆயா சாகும்வரை, “இது ரங்கப்பிள்ளை காலத்து வூடு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். புதுச்சேரியில் அதற்கு மேல் ஒரு பெருமை கிடையாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்கு வந்து, வியாபாரத்தில் வளர்ந்து, துய்ப்ளெக்ஸ் பிரெஞ்சு கவர்னராக இருந்த காலத்தில் தலைமை துபாஷ் ஆனவர். ஹைதராபாத் நிஜாமாக இருந்த முசபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப் பட்டம் கொடுத்தார். இதையெல்லாம்விடப் பெரிது, 1736இலிருந்து 1761இல் சாகும்வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு. பேச்சுத் தமிழில், கப்பல் வந்தது, துணி பேல் போனது, யார் யாரை ஏசினார்கள் என்பது வரைக்கும். அவர் பெயரில் தெரு இருக்கிறது. 1738 வாக்கில் கட்டியது என்று சொல்லப்படும் அவருடைய மாளிகையும் மார்க்கெட்டுக்குப் பின்னால் இன்னும் நிற்கிறது.

அந்த மாளிகையை ஒருமுறை பார்த்ததுதான் என்னைக் கெடுத்தது என்றுகூடச் சொல்லலாம். கீழே நம்மூர் வீடு: முற்றம், அதைச் சுற்றி மரத்தூண்கள். மாடிக்குப் போனால் வேறு ஊர்: வெள்ளைவெளேர் என்று உயரமான காரைத்தூண்கள், பிரெஞ்சு பாணி. எங்கள் ஆயா வீடும் அளவில் சின்னதே தவிர அதே அமைப்புதான். தெருவில் தாழ்வாரம், திண்ணை, நடை, மரத்தூண் முற்றம்; மாடியில் வளைவு ஜன்னல்கள், காரைப் பூவேலை. ‘ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, ஒரே காலமாத்தான் இருக்கும்’ என்று முடிவு கட்டிவிட்டேன். இதைவிட மோசமான கணக்கு இல்லை. கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்று கட்டும் வழக்கம் புதுச்சேரியில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நடந்திருக்கிறது. பாணியை வைத்து வயது சொல்வது, மீசையை வைத்து வயது சொல்வது மாதிரி.

இன்னொன்றையும் நான் யோசித்திருக்க வேண்டும். நான் கடலூர்க்காரி. தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்த இடத்தைப் பார்த்தே வளர்ந்தவள். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான். அதற்கு வட்டியும் முதலுமாக, 1761 ஜனவரி 16இல் புதுச்சேரி சரணடைந்ததும் ஆங்கிலேயர்கள் அந்த ஊரையே தரைமட்டமாக்கினார்கள். ரங்கப்பிள்ளை அதற்கு நாலு நாள் முன்னால், 12ஆம் தேதியே கண்மூடிவிட்டார்; பார்க்காமல் போனது ஒரு விதத்தில் நல்லது. ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, கட்ட ஆரம்பித்தது 1765இல். ஆகவே புதுச்சேரியில் யாராவது ‘எங்க வூடு முந்நூறு வருஷம்’ என்று சொன்னால், 1761ஐ நினைத்துக்கொண்டு, ஒரு புன்னகையோடு காபியைக் குடிப்பது உத்தமம். தப்பியவை உண்டு, ஆனால் தப்பியதை நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

கல்யாணம் முடிந்த மறுநாளே மாமாவிடம் சொன்னேன்.

“நாலுல ஒண்ணுதானே பாப்பா? 1774ன்னே இருந்துட்டுப் போவட்டும். யாரு வந்து கேக்கப் போறா?” என்றார். அவருக்கு அதோடு விஷயம் முடிந்தது. எனக்கு முடியவில்லை.

முதலில் ஓடு. முற்றத்துச் சாய்ப்பில் இருப்பவை சீமை ஓடுகள். ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் பாசல் மிஷன், மங்களூர் என்ற முத்திரையோடு 1865 என்று இருந்தது. ஆஹா, 1774உம் இல்லை, 1834உம் இல்லை, 1865தான் என்று சித்தப்பா மகன் குதித்தான். கொஞ்சம் விசாரித்ததில், 1865 என்பது அந்தத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் என்றும் ஓடு சுட்ட வருஷம் இல்லை என்றும் தெரிந்தது. கம்பெனி தன் வயதை ஓட்டில் அச்சடித்துக்கொண்டது, அவ்வளவுதான். பழைய வீடு வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்த ஓட்டைப் பார்த்து வீட்டுக்கு வயது வைத்திருப்பார்களோ! மேலும் ஓடு என்பது மாற்றக்கூடிய பொருள். அது 1865க்குப் பிறகு யாரோ அங்கே ஓடு போட்டார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும்.

அடுத்த சாட்சி தானாக வந்து விழுந்தது, அதுவும் எங்கள் முட்டாள்தனத்தால். 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது இரண்டாம் கட்டின் மொட்டைமாடி விரிசல் விட்டது. பழைய மெட்ராஸ் டெரஸ் அது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்பில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த தளம். அதன் தலையில் நாங்கள் இரண்டு அங்குலம் சிமெண்டைப் பூசினோம். ‘ஒரு சொட்டு இறங்காது’ என்று வேலை எடுத்தவர் சொன்னார். மேலேயிருந்து இறங்கவில்லைதான், ஆனால் சுவர் வழியாக ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டே மழைக்காலத்தில் கீழே காரை பொரிந்து பாளம் பாளமாக விழ ஆரம்பித்தது. 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையில் பழைய மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம்) மழையில் இடிந்து விழுந்ததும்தான் குடும்பமே பயந்துபோனது. (அதைப் பிறகு பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள்.) “நம்ம வூடு மேரியவிட கெட்டியா?” என்று அத்தை கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

விழுப்புரம் பக்கத்திலிருந்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயசான கொத்தனாரைக் கூட்டி வந்தோம். அவர் முதலில் சிமெண்டைக் கொத்தி எடுக்கச் சொன்னார். எடுக்கும்போது உள்பக்கம் பொரிந்த காரையும் விழுந்து, மூன்று உத்தரங்கள் வெளியே தெரிந்தன. நாங்கள் இத்தனை நாளும் மரம் என்று நினைத்திருந்தவை. பார்த்தால் ரயில் தண்டவாளம்! பக்கவாட்டில் தேய்ந்த எழுத்தில் ஒரு சீமைக் கம்பெனி பெயரும் 1881 என்ற எண்ணும். ஓட்டு முத்திரை மாதிரி இல்லை இது. தண்டவாளத்தில் போடுவது உருட்டி எடுத்த வருஷம். புதுச்சேரிக்கு விழுப்புரத்திலிருந்து ரயில் வந்ததே 1879இல்தான். பழசான தண்டவாளத்தை விலைக்கு வாங்கி வீட்டுக்கு உத்தரமாகப் போடுவது அந்தக் காலத்தில் சகஜம்.

நான் உடனே குதிக்கவில்லை, ஓட்டில் பட்டது போதும். “அப்புறமா மாத்திப் போட்டதா இருக்கலாமே மேஸ்திரி?” என்று கேட்டேன். அவர் தண்டவாளத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் கையை வைத்துத் தடவினார். “பின்னாடி சொருவுனா சுவத்த ஒடச்சிருக்கணும்மா. ஒடச்சா ஒட்டுப் போட்ட எடம் தெரியும். இங்க ஒட்டே இல்ல. சுவரு ஏறும்போதே வச்சது.” அதுவரை நான் படித்த புத்தகங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு உதவிய வாக்கியம் அது. 1881க்குப் பிறகு, விஜய வருஷம், தை. ஒரே ஒரு பதில்தான்: 1894 ஜனவரி.

சரி, யார் கட்டியது?

இதற்குப் பத்திரம் வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் சொத்துப் பரிவர்த்தனை நொத்தேர் என்னும் பத்திர அதிகாரி முன்னிலையில் பிரெஞ்சில் எழுதப்படுவது உண்டு. மாமாவின் இரும்புப் பெட்டியில், பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு அடியில், நூல் கோத்துத் தைத்த ஒரு கட்டு இருந்தது. எல்லோரும் தொட்டிருக்கிறார்கள், யாரும் படித்ததில்லை. வெள்ளிப்பூச்சி அரித்த ஓரத்தைப் பிரிக்கவே எனக்குக் கை நடுங்கியது. அங்கே நான் செய்த ஒரே நல்ல காரியம், மூலத்தை எங்கும் எடுத்துப் போகாமல், ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டதுதான். பிளாஷ் போடவில்லை, லேமினேஷன் கடைப்பக்கமே போகவில்லை. எங்கள் உறவில் ஒருவர் தன் வீட்டுப் பத்திரத்தை லேமினேட் செய்து, அது இப்போது மஞ்சளாக, பிரிக்கவும் முடியாமல், பொரித்த அப்பளம் மாதிரி இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஒருவர் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து படித்துச் சொன்னார். பணம் வேண்டாம் என்றார். நல்ல முந்திரி கேட்டார். பண்ருட்டியிலிருந்து ரெண்டு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படிக்கத் தெரிந்தவர் கிடைத்தாலும் பத்திரத்தைப் புரிந்துகொள்வது தனி வேலை. தெருப் பெயர்கள் மாறியிருக்கும். இன்றைய நேரு வீதி அன்றைக்குத் துய்ப்ளெக்ஸ் வீதி. நான்கு எல்லையில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை வைத்துத்தான் இடத்தைப் பிடிக்க முடியும், அதற்குத் தெருவில் இருக்கும் வயசானவர்கள் வேண்டும். அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘9 குழி’ என்று இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. அப்படிப் போட்டால் எங்கள் வீடு 1,296 சதுர அடி. முற்றமே அவ்வளவு இருக்குமே என்று குழம்பினேன். புதுச்சேரிக் குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. இப்போது 5,184 சதுர அடி வந்தது. டேப் வைத்து அளந்து பார்த்ததில் கிட்டத்தட்டச் சரி.

பத்திரம் 1892ஆம் வருஷத்தது. வாங்கப்பட்டது ‘இடிந்த ஓட்டு வீடும் மனையும்’. வாங்கியவர் என் கொள்ளுத் தாத்தாவின் அப்பா. ஊர்: ஆங்கிலேயர் எல்லையில், பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். தொழில் என்று எழுதியிருந்த சொல்லைப் படித்துவிட்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். “வேர்க்கடலை வியாபாரிம்மா. உங்க ஊர்ல மல்லாட்டைம்பீங்களே.”

துபாஷ் இல்லை. துபாஷுக்கு வேண்டப்பட்டவரும் இல்லை. புதுச்சேரிக்காரரே இல்லை. எங்கள் பக்கத்து ஆள்!

கொஞ்சம் யோசித்தால் இது எவ்வளவு பொருத்தம் என்று புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காடு முழுக்க மல்லாட்டைதான். பிரான்சில் மார்செய் துறைமுகத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் வேர்க்கடலை வேண்டியிருந்தது. அது மூட்டை மூட்டையாக மாட்டுவண்டியிலும், 1879க்குப் பிறகு ரயிலிலும் வந்து, புதுச்சேரியில் கப்பல் ஏறியது. செம்மண் கொல்லையில் பிடுங்கிய பயிர், பிரெஞ்சுக்காரன் துணி துவைக்கும் சோப்பாகி, அந்தக் காசு திரும்பி வந்து வளைவு ஜன்னலும் காரைப் பூவும் ஆகியிருக்கிறது. புதுச்சேரியின் தமிழ்த் தெருக்களில் ‘அரண்மனை மாதிரி’ என்று நாம் நின்று பார்க்கும் வீடுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஜமீனைத் தேடக் கூடாது. நெல்லுக்கு ஜமீன் இருந்தது. இங்கே கப்பலுக்கு வியாபாரி இருந்தான்.

அந்த வருஷம் எனக்கு வீடு முழுக்க வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. மூன்றாம் கட்டில் ஒரு பெரிய இருட்டு அறை. சின்ன வயதில் நாங்கள் கண்ணாமூச்சி ஆடியது அங்கேதான். அதன் நடு உத்தரத்தில் தடிமனான இரும்புக் கொக்கி ஒன்று தொங்கும். ‘ஊஞ்சல் கொக்கி’ என்பார்கள். காற்று வராத பின்கட்டு இருட்டறையில், ஒற்றைக் கொக்கியில், எவன் ஊஞ்சல் கட்டுவான்? ஊஞ்சலுக்குக் கூடத்தில் நாலு வளையம் தனியாக இருக்கிறது. அது தராசுக் கொக்கி. அந்த அறைக்குக் கொல்லைப்பக்கம் நேராக வண்டி வர ஒரு அகலக் கதவு இருந்து, செங்கல் வைத்து அடைத்த தடமும் இருக்கிறது. ஆயா அந்த அறையை ‘மூட்ட உள்’ என்றே சொல்வார். அந்தப் பெயரை நாங்கள் ஐம்பது வருஷம் காதில் வாங்கி, ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது யாராவது பழைய வீட்டைப் பற்றி என்னிடம் கேட்டால், பெரியவர்களிடம் ‘எந்த வருஷம் கட்டினது’ என்று கேட்காதீர்கள், ‘இந்த அறைக்கு என்ன பேர், இங்க என்ன வெப்பாங்க’ என்று கேளுங்கள் என்பேன். வருஷத்தைக் கேட்டால் பெருமைதான் வரும். அறையைக் கேட்டால் மூட்டை வரும்.

ரங்கப்பிள்ளையிடமும் இதே விஷயம் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. நாட்குறிப்பை மறுபடி புரட்டினேன். அவர் கவர்னர் மாளிகைக்குப் போகிறார், வருகிறார். மற்ற நேரமெல்லாம் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால், பாக்குக் கிடங்கில். ஆள்கள் வந்து பார்ப்பது அங்கே, ஓலை எழுதுவது அங்கே, ஊர் வம்பு வந்து சேர்வதும் அங்கேதான். பல்லக்கும் பட்டமும் உள்ளவர், ‘ஆனந்தப்புரவி’ என்று சொந்தக் கப்பல் ஓட்டியவர், பாக்கு மூட்டைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு பதினெட்டாம் நூற்றாண்டை எழுதியிருக்கிறார். முதல் தடவை நான் படித்தபோது துய்ப்ளெக்ஸை மட்டும் தேடினேன். பாக்கு கண்ணில் படவில்லை.

மாடி வேலை மூன்று மாதம் ஆனது. சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து அரைத்துப் பூசினார்கள். செலவு சிமெண்டைவிடக் கூடத்தான். முதலில் பூசிய சிமெண்டுக்கும் அதைக் கொத்தி எடுத்த கூலிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் குறைவு. நான் மேஸ்திரியிடம் கெஞ்சி, மூன்று உத்தரங்களில் ஒன்றை மட்டும் காரை பூசாமல், துரு எடுத்து எண்ணெய் தடவி, 1881 தெரிகிற மாதிரி விட்டுவைத்தேன். வேலை தொடங்குவதற்கு முன் எல்லாச் சுவரையும் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். அடைத்த வண்டிக் கதவின் ஓரத்தில் கரியால் கோடு கோடாக மூட்டைக் கணக்குப் போட்டிருந்தது. நான் கைபேசியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் சித்தாள் பெண் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாகக் கழுவிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் அவளிடம் சொல்லவில்லை.

புத்தகத்தைத் திருத்தி மறுபடி அச்சடிக்கலாம் என்று மாமாவிடம் போனேன். அவர் பத்திரத்தின் தமிழ்க் குறிப்பை இரண்டு தடவை படித்தார். முகம் விழுந்துவிட்டது.

“மல்லாட்டன்னு போட்டுத்தான் ஆவணுமா? ‘ஏற்றுமதி வணிகர்’னு போடேன்.”

“அதுவும் உண்மைதான் மாமா.”

“அப்ப அதையே போடு.”

போட்டேன். 1894 என்று போட்டேன், பண்ருட்டி என்று போட்டேன், ஏற்றுமதி வணிகர் என்றும் போட்டேன். அடுத்த பக்கத்தில் கொக்கியின் படத்தைப் போட்டு, கீழே ‘மூட்டை உள்: மல்லாட்டை நிறுத்த தராசுக் கொக்கி’ என்று எழுதினேன். அவர் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் மாமாவின் பேத்திக்கு அந்த வீட்டில்தான் நிச்சயதார்த்தம். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தில் உட்கார்ந்து தூணைத் தடவிக்கொண்டு, “ரொம்பப் பழைய வீடோ?” என்று கேட்டார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பின்கட்டுப் பக்கம் திரும்பி, “டேய், அந்த அவிச்ச மல்லாட்டைய ஒரு தாம்பாளத்துல எடுத்தாடா” என்று குரல் கொடுத்தார்.